முப்பது சொட்டு வெள்ளை

ஜனவரி 20, திங்கள்

இது டைரி இல்லை, கலர் நோட்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை கலக்கிய பேபி பிங்க்கை மறு தடவையும் அப்படியே கொண்டுவர வேண்டுமானால் சொட்டுக் கணக்கு வேண்டும். அதற்காகத்தான் இந்த நோட்டு.

பேபி பிங்க்: வெள்ளை 30, பிங்க் 2.

கேக்கில் தெளிக்கிற ஏர்பிரஷ் கலரைத் தண்ணீர் விட்டு இளக்கினால் நிறம் மெலிதாகாது. அடியில் இருக்கும் பட்டர் கிரீமின் மஞ்சள் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். வெள்ளை கலந்தால்தான் மென்மை வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அண்ணன் கப்பலில் இருக்கிறார். கீழ்வீட்டில் அவர் மனைவி ஹில்டா மைனி கேக் சுட்டு மேலே கொண்டு வருகிறார், மாடியில் நான் கிரீம் பூசி நிறம் அடிக்கிறேன். தூத்துக்குடியில் மெல்லிய நிறம் என்றால் செலஸ்டினாவிடம் போ என்று சொல்கிறார்கள். நாற்பத்து நாலு வயதில் எனக்கென்று இருப்பது அந்தப் பேர் ஒன்றுதான்.

இன்றைக்கு இன்னொன்றும் ஆரம்பம். கழுத்தில் இருக்கும் கட்டி டி.பி.யாம். ஆறு மாதம் மாத்திரை. டாக்டர் நல்ல மனிதர். "இது கழுத்துக் கட்டியில இருக்கிறது, இருமல் இல்ல, சளி இல்ல, யாருக்கும் ஒட்டாது" என்று மூன்று தடவை சொன்னார். எனக்குப் புரிகிறது. கேக் வாங்குகிறவர்களுக்கு யார் போய்ப் புரியவைப்பது? அதிலும் கீழே மைனியின் மகள் டெல்சி மாசமாக இருக்கிறாள், ஐந்தாம் மாதம். மைனியிடம் தைராய்டு மாத்திரை என்று சொல்லிவிட்டேன்.

மாத்திரை கொடுத்த பேச்சியம்மாள் சிஸ்டர் பெரிய பிரசங்கமே வைத்துவிட்டார். மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதே. வெறும் வயிற்றில் போடு. "கண்ணுல கலர் மங்குனா, செவப்பு பச்சை வித்தியாசம் தெரியலன்னா, அன்னைக்கே ஓடி வந்துரணும். ஒரு நாள் கூட விடக் கூடாது, கேட்டீங்களா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரிடம் என்ன சொல்கிறார்!

ஜனவரி 25, சனி

பீச்: வெள்ளை 30, ஆரஞ்சு 2, பிங்க் 1. காய்ந்த பிறகு நிறம் ஒரு படி ஏறும், அதை நினைவில் வைத்துத்தான் கலக்க வேண்டும்.

மூத்திரம் சிஸ்டர் சொன்ன மாதிரியே ஆரஞ்சு. இந்த நிறத்தை மட்டும் யாரும் ஆர்டர் கொடுக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 8, சனி

லாவெண்டர்: வெள்ளை 30, வயலட் 2. பேபி பிங்க்: வெள்ளை 30, பிங்க் 2.

கல்யாண கேக், மூன்று அடுக்கு. பூசியதும் பெண்ணின் அம்மா தொட்டுப் பார்க்கக் கையை நீட்டிவிட்டார். "ஐயோ, இன்னும் காயலம்மா!" என்று கத்தினேன். மைனி அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கட்டி கொஞ்சம் வற்றியிருக்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

பேபி பிங்க்: வெள்ளை 30, பிங்க் 2. உடம்பு அசதி. வேறொன்றும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

பேபி பிங்க்: வெள்ளை 30, பிங்க் 4.

புது பிங்க் பாட்டில் சரியில்லை. கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான். இரண்டு சொட்டுக்கு நிறமே ஏறவில்லை, மூன்றுக்கும் இல்லை, நாலு விட்டேன். கலக்கிய பிறகு பத்து நிமிடம் நுரை அடங்க விட வேண்டும். அந்த நேரத்தில்தான் கீழே போய்க் காப்பி குடிப்பேன். திரும்பி வந்து அடித்தால், கிண்ணத்தில் இருந்ததைவிடக் கேக்கில் இன்னும் வெளிறித் தெரிகிறது. அடுத்த தடவை ஒரு சொட்டு கூட விட வேண்டும்.

ஆர்டர் கொடுத்தவர் போன் பண்ணினார். "அப்படியே பிள்ளைக் கன்னம் மாதிரி இருந்துச்சுக்கா." அப்புறம் என்ன!

மார்ச் 15, சனி

பேபி பிங்க்: வெள்ளை 30, பிங்க் 5. மின்ட்: வெள்ளை 30, பச்சை 3.

டியூப் லைட்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் சாம்பல் பூசின மாதிரி காட்டுகிறது.

மார்ச் 20, வியாழன்

மாத்திரை இரண்டு மாதம் முடிந்தது. இனி நாலு மாதம் வேறு மாத்திரை அட்டை. எடை ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது என்று பேச்சியம்மாள் சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம்.

"கண்ணு எப்படி இருக்கு? கலரெல்லாம் சரியாத் தெரியுதா?"

"கழுகுக் கண்ணு சிஸ்டர்" என்றேன். என் சிகிச்சை அட்டையில் டிக் அடித்துக்கொண்டார். கலர் பாட்டில் மட்டம், டியூப் லைட் மட்டம் என்பதையெல்லாம் ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்ல முடியுமா? சிஸ்டர் இன்றைக்குக் கோட்டுக்குள் ஏதோ சிவப்புச் சேலை கட்டியிருந்தார். இல்லை, காப்பிப் பொடி நிறமோ என்னவோ. நான் சரியாகக் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

பேபி பிங்க்: வெள்ளை 30, பிங்க் 7.

வெள்ளை பாட்டில் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. என் கணக்குப்படி இன்னும் கால் பாட்டில் இருக்க வேண்டும். மூடி வழியாக ஒழுகுகிறதா என்று கவிழ்த்துப் பார்த்தேன், இல்லை.

லைட் மாற்றியாயிற்று. முந்நூறு ரூபாய் தண்டம்.

ஏப்ரல் 19, சனி

நாளை ஈஸ்டர். முட்டை வடிவ கேக் பதினாலு. பீச், மின்ட், லாவெண்டர், பேபி பிங்க் என்று கலந்து கேட்டிருந்தார்கள். கிண்ணங்களை வரிசையாக வைத்துக் கலக்கிவிட்டுக் காப்பிக்குப் போனேன். திரும்பி வந்ததும் எது பீச், எது மின்ட் என்று ஒரு நிமிடம் தடுமாறிப் போனேன். மைனிதான் பக்கத்தில் நின்று, "இது பீச்சு, இது பச்சை. கண்ணு கட்டிட்டா? நீ சாப்பிட்டியா முதல்ல?" என்றார். சாப்பிடவில்லைதான். வேலை மும்முரத்தில் தலை சுற்றல்.

கிண்ணங்களுக்குப் பேர் எழுதி ஒட்டிவிட்டேன். பெரிய கடைகளில் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள்.

மே 3, சனி

பேபி பிங்க்: வெள்ளை 30, பிங்க் 11.

இன்றைக்கு வந்த ஆத்திரத்தை இந்த நோட்டில் எழுதித்தான் ஆற்ற வேண்டும். மைனி காலையிலேயே டெல்சியைக் கூட்டிக்கொண்டு ஸ்கேனுக்குப் போய்விட்டார். மஞ்சுளா டீச்சர் வீட்டுப் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். நானே எல்லாம் முடித்து, நானே பெட்டியில் வைத்து, நானே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். பன்னிரண்டு மணிக்குப் போன்.

"என்னக்கா இது, பேபி பிங்க் கேட்டேன். இது பந்தல்காரன் ஜமுக்காளம் மாதிரி கண்ணைக் குத்துது. போட்டோ எடுக்கவே முடியல."

ஜமுக்காளமாம்! நான் பேபி பிங்க் அடிக்க ஆரம்பித்தபோது இந்த டீச்சருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. "உங்க வீட்டு லைட்டு அப்படி" என்று சொன்னேன். பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொன்ன குரலில் இரக்கம் இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் மைனி வந்ததும் கொட்டித் தீர்த்தேன். மைனி மீதிக் கலர் இருந்த கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார். குழாயடியில் கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "ஒரு நாள் அப்படித்தான். விடுட்டி" என்றார்.

மே 4, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. அழுகை வேறு. டீச்சருக்காக எல்லாம் அழவில்லை.

மே 22, வியாழன்

மார்க்கெட்டில் தக்காளி வாங்கினேன். எல்லாம் செங்காய் என்றார் மைனி. பழமாகப் பொறுக்கி எடுத்ததாகத்தான் நினைப்பு. கடைக்காரனை நாலு வார்த்தை திட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். "விடு, பச்சடிக்கு ஆவும்" என்று மைனி தடுத்துவிட்டார். இந்த மைனிக்கு என்ன ஆயிற்று, எதற்கெடுத்தாலும் விடு விடு என்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போனேன். பேச்சியம்மாள் சிஸ்டர் லீவு. வேறு யாரோ அட்டையை மட்டும் கொடுத்தார்கள், நல்லவேளை.

ஏன் நல்லவேளை என்று எழுதினேன்? அந்த வார்த்தையை அடித்துவிடவில்லை, இருக்கட்டும்.

ஜூன் 11, புதன்

டெல்சிக்குப் பெண் குழந்தை! இரண்டே முக்கால் கிலோ. ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்த மைனி மாடிப்படியில் நின்று கத்திய கத்தலில் தெருவே எழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒருத்தர் விடாமல் "ரோசாப்பூக் கணக்கா இருக்கா" என்றார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

எனக்கு அவள் வெளுத்துப்போய்த் தெரிந்தாள். பிறந்த குழந்தைகள் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஜூன் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றுத்தான் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். இன்று காலை மைனி மீன் வாங்கப் போயிருந்தார். டெல்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வலியோடு மெல்லப் படியேறி என் அறைக்கே வந்துவிட்டாள்.

"அத்தை, பிள்ளை மஞ்சளா இருக்காளா? நேத்துல இருந்து பால் குடிக்காமத் தூங்கிக்கிட்டே இருக்கா. அம்மாகிட்ட கேட்டா உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்ங்காவ. நீங்க பாத்துச் சொல்லுங்க. உங்க கண்ணு தப்பாது."

வாங்கி ஜன்னலுக்குக் கொண்டு போனேன். நல்ல வெயில். முகத்தைப் பார்த்தேன், கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன், நெற்றியை விரலால் அழுத்திப் பார்த்தேன். பிள்ளை, சுற்றியிருந்த துண்டு, என் விரல், எல்லாம் ஒரே வெளிறல். 'இல்லைம்மா, நல்லா இருக்கா' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் டெல்சி நம்பியிருப்பாள். நிம்மதியாகக் கீழே போயிருப்பாள்.

"எனக்குத் தெரியலம்மா."

"வெளிச்சம் பத்தலையா அத்தை?"

"வெளிச்சம் இருக்கு. எனக்கு நிறம் தெரியல. மூணு மாசமாச் சரியாத் தெரியல."

டெல்சி என்னைப் பார்த்த பார்வை! நான் அவளைப் பேசவிடவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். மஞ்சள் காமாலை இருக்கிறது, நல்ல நேரத்தில் கொண்டு வந்தீர்கள் என்றார்கள். இரண்டு நாள் விளக்குக்கு அடியில் வைத்தால் போதுமாம்.

ஜூன் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து மைனியிடம் எல்லாம் சொன்னேன். தைராய்டு இல்லை, டி.பி. என்றேன். முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததுதான்.

"பிள்ளைக்கு ஒட்டுமாட்டி?"

"ஒட்டாது மைனி. டாக்டர் எழுதியே கொடுத்திருக்காரு."

மைனி மூச்சை விட்டார். அப்புறம் என் தோளில் பலமாக ஒரு அடி வைத்தார். "ஒத்தையில கெடந்து எல்லாத்தையும் முழுங்கிருக்கியே, பாவி. நான் உன்னைய வீட்டை விட்டா துரத்திருவேன்?" கண் விஷயத்தைச் சொன்னேன். அந்த மாத்திரையால் நிறம் மங்கலாம், மங்கினால் அன்றே வர வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்ததையும் சொன்னேன்.

மைனி முகம் செத்துப்போயிற்று. "மாத்திரையாலயா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஜூன் 16, திங்கள்

கண் டாக்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். உள்ளே ஒரு எண் இருக்கிறதாம். முதல் பக்கத்தில் பன்னிரண்டு தெரிந்தது. சந்தோஷமாகச் சொன்னேன். அது எல்லோருக்கும் தெரியுமாம். மற்ற பக்கங்களில் எனக்குப் புள்ளிகள் மட்டும்தான்.

எத்தனை நாளாக என்று கேட்டார். "ஒரு வாரமா" என்றேன். இத்தனைக்குப் பிறகும் என் வாய் அப்படித்தான் சொன்னது. எப்போது எடுத்து வந்தாரோ, மைனி தன் பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இதுல தேதியோட இருக்கு டாக்டர்."

டாக்டர் விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். இரண்டு, இரண்டு, இரண்டு. நாலில் விரல் நின்றது. மார்ச் 9. அப்புறம் ஐந்து, ஏழு, பதினொன்று. மார்ச் 20ஆம் தேதி நான் எழுதியதையும் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அந்த மருந்தை இன்றோடு நிறுத்திவிட்டார்கள், மற்றவை தொடரும். "மார்ச்சுல வந்திருந்தா திரும்பி வந்துரும்னு தைரியமாச் சொல்லிருப்பேன். இப்ப பொறுத்துத்தான் பாக்கணும்மா. வந்தாலும் முழுசா வருமான்னு தெரியல." போகும்போது சும்மா கேட்கிற மாதிரி ஒன்று கேட்டார். "பதினோரு சொட்டு வரைக்கும் போயிருக்கு. வாங்குனவங்க யாருமே சொல்லலையா?"

"ஒரே ஒருத்தர்தான். மே மாசம்."

மைனி நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே போய்விட்டார்.

ஜூன் 20, வெள்ளி

மைனி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான்தான் ஊத்துனேன், செலஸ்டி."

எனக்கு விளங்கவில்லை.

"நீ காப்பி குடிக்கப் போற பத்து நிமிசத்துல. முதல் தடவை பாக்கும்போதே நிறம் தூக்கலா இருந்துச்சு. வயசாவுது, கண்ணாடி போட வேண்டிய நேரம்னு நெனச்சேன். சொன்னா உனக்குத் தாங்காது. உனக்கு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான. அதான் பிங்க்குக்குத் தக்கன வெள்ளையை நானே ஊத்தி வச்சிருவேன். எல்லா தடவையும். டெல்சிக்கு ஸ்கேன் பாத்த அன்னைக்குத்தான் நான் இல்ல."

வெள்ளை பாட்டில் ஏன் தீர்ந்தது என்று இப்போது தெரிந்தது. அவர் வெள்ளை ஊற்ற ஊற்ற, கேக்கில் நிறம் வெளிறுகிறதே என்று நான் அடுத்த தடவை இன்னும் ஒரு சொட்டு கூட்டியிருக்கிறேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து மூன்று மாதம் இதைச் செய்திருக்கிறோம்.

"மாத்திரைன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே உன்னைய இழுத்துட்டுப் போயிருப்பேன்" என்று மைனி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "வெளியே போங்க மைனி" என்று சொன்னேன். போய்விட்டார்.

ஜூன் 21, சனி

வந்த ஆர்டரையெல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

மைனியோடு பேசி பத்து நாள் ஆகிறது. கதவுக்கு வெளியே சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறார். மீனை முள் எடுத்து வைக்கிறார். கண் தெரியாதவளுக்கு எடுத்து வைக்கிற மாதிரி! முள்ளெல்லாம் எனக்குத் தெரிகிறது, நிறம் மட்டும்தான் இல்லை என்று தட்டைக் கீழே கொண்டு போய்க் கத்தினேன். பத்து நாளில் அதுதான் பேச்சு.

அவர் மேல் எனக்குக் கோபம் என்று உலகத்துக்கே சொல்வேன். இந்த நோட்டிலாவது உண்மையை எழுத வேண்டும். சிஸ்டர் என்னைக் கேட்டார்கள். நேருக்கு நேர், தமிழில், கலர் தெரிகிறதா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாமல் இருந்தது, தெரிகிறது என்றேன். தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டால் நான் யார் என்று எனக்குப் பயம். மைனி எனக்கு இரக்கப்பட்டார், அவ்வளவுதான். என் வாயை மூடியது மைனி இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

மாத்திரை இன்றோடு முடிந்தது. கட்டி போயே போய்விட்டது. போன வாரம் கண் டாக்டரிடம் மறுபடி புள்ளிப் புத்தகம் பார்த்தேன். பன்னிரண்டு. அதற்கு மேல் இல்லை. இன்னும் சில மாதம் பார்ப்போம் என்றார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஜூலை 26, சனி

நாளைக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஜுவானா என்று பேர். கேக் கடையில் சொல்லிவிடலாம் என்று டெல்சி என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எதுக்கு? வீட்டுல கலர் அடிக்கிற கம்ப்ரசர் துருப்பிடிச்சா கெடக்கு?" என்று கேட்டேன். கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மைனி சுட்ட கேக்கை மாடிக்குக் கொண்டு வந்து வைத்துவிட்டு, திரும்பிப் போகப் போனார். "இருங்க" என்றேன். நின்றார். ஒரு மாதத்துக்கு மேலாக அந்த அறைக்குள் அவர் நிற்கவில்லை.

முப்பது வெள்ளை, இரண்டு பிங்க். நேற்று வாங்கிய பாட்டில், காட்டமாக இருக்கும் போலிருக்கிறது. எனக்கு அதுவும் தெரியாது. கலக்கி, டிஷ்யூ பேப்பரில் ஒரு கோடு இழுத்து, காயவிட்டு, மைனியிடம் நீட்டினேன்.

"எப்படி இருக்கு?"

ஜன்னலுக்குக் கொண்டு போய்ப் பார்த்தார். அறைக்குள் வந்து பார்த்தார். மறுபடி ஜன்னலுக்குப் போனார். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"தூக்கலா இருக்கு, செலஸ்டி" என்றார். "கொஞ்சம் கூடிப்போச்சு."

அவ்வளவுதான் அந்த வார்த்தை. சொல்ல ஒரு நொடி கூட ஆகவில்லை. மைனி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். முதுகு குலுங்கியது. எனக்கும் கண் மறைத்தது.

"அழாம சொல்லுங்க மைனி, எத்தனை சொட்டு ஊத்தட்டும்?" என்று கேட்டேன். அவருக்குக் குரல் வரும்வரை வெள்ளை பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றேன்.